சென்னை டு டெல்லி, தனியாக: முதல் தடவை ரயிலேறும் பெண்களுக்கு

"அக்கா, தனியா டெல்லிக்கு ட்ரெயின்ல போகலாமா? வீட்ல பயப்படுறாங்க." வருடத்துக்கு நாலைந்து பெண்களாவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். மேற்படிப்புக்கு இடம் கிடைத்தவள், முதல் வேலைக்குப் போகிறவள், இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தவள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

போகலாம். நான் இருபது வருடத்துக்கு மேலாகப் போய் வந்துகொண்டிருக்கிறேன். சென்ட்ரலில் ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் நடுவில் ஒரு முழுப் பகல், இன்னொரு ராத்திரி, மூன்றாம் நாள் காலையில் புது டெல்லி. சுமார் 2,180 கிலோமீட்டர். இந்தத் தடத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். கொல்கத்தாவுக்கோ மும்பைக்கோ போகிறவர்கள் ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் பயப்படுவது கூட்டத்தைப் பார்த்து. "முன்னபின்ன தெரியாத ஆம்பளைங்க எழுபது பேர் இருக்கிற பெட்டியிலயா?" என்பார்கள். நான் பயப்படுவது காலிப் பெட்டியைப் பார்த்து. 2011 பிப்ரவரியில் கேரளத்தில் எர்ணாகுளம்–ஷொரணூர் பாசஞ்சரிலும், 2025 பிப்ரவரியில் கோயம்புத்தூர்–திருப்பதி ரயிலிலும் பெண்கள் தாக்கப்பட்டது நினைவிருக்கும். இரண்டுமே பெண்கள் பெட்டியில் நடந்தவை. கூட வந்த பெண்கள் இறங்கிப்போய், பெட்டி காலியான பிறகு. அதனால் ரிசர்வேஷன் இல்லாத பெண்கள் பெட்டியில் போக நேர்ந்தால், கடைசியாக மிச்சமிருப்பது நீங்கள்தான் என்று தெரிந்ததும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஆட்கள் இருக்கிற பெட்டிக்கு மாறிவிடுங்கள். கீழே வருகிற யோசனைகள் பாதிக்கு மேல் இந்த ஒரே கணக்குதான்: நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி இருப்பது எப்படி என்று.

போய்ச் சேரும் நேரத்தைப் பார்த்து ரயிலைப் பிடியுங்கள்

எல்லாரும் புறப்படும் நேரத்தைப் பார்த்துத்தான் ரயிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புறப்படுகிற ஊர் நம் ஊர். அப்பாவோ அண்ணனோ வந்து ஏற்றிவிடுவார்கள். இறங்குகிற ஊரில்தான் நாம் தனி. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, வெளிச்சத்தில் போய்ச் சேருமா என்பதை. அதிகாலை மூன்று மணிக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுகிற ரயில் எவ்வளவு வேகமாகப் போனாலும் எனக்கு வேண்டாம்.

டெல்லியில் ஜனவரி மாதம் ஆறரை மணிக்கும் இருட்டாகவே இருக்கும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் வட இந்திய ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அந்த மாதங்களில் காலையில் இறங்கி மத்தியானம் இன்டர்வியூ என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

எந்த ஸ்டேஷனில் இறங்குகிறோம் என்பதையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். புது டெல்லி வேறு, பழைய டெல்லி வேறு, ஹஜ்ரத் நிஜாமுதீன் வேறு. அழைத்துப்போக வருகிறவர் ஒரு ஸ்டேஷனிலும் நீங்கள் இன்னொரு ஸ்டேஷனிலும் நிற்கிற கதை அடிக்கடி நடக்கும்.

எந்த வகுப்பு, எந்த பெர்த்

முதல் தடவை என்றால் தேர்ட் ஏசி. ஏசி இல்லாத ஸ்லீப்பரைவிட இரண்டரை மடங்கு போலக் கட்டணம் ஆகும், எனக்கும் தெரியும். ஸ்லீப்பரில் நானும் நிறையப் போயிருக்கிறேன். அதில் ராத்திரியைவிடப் பகல்தான் சிரமம். நாக்பூர் தாண்டியதும் ரிசர்வேஷன் இல்லாதவர்களும் ஏறிவிடுவார்கள். மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்க, ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டு போபால் வரை வரவேண்டும். கையில் காசு குறைவு என்றால் ஸ்லீப்பரிலும் போகலாம், தப்பில்லை. பகல் நெரிசலுக்குத் தயாராக இருங்கள், அவ்வளவுதான்.

ஃபர்ஸ்ட் ஏசி பற்றி ஒரு வார்த்தை. "காசு போனா போகுது, சேஃப்டியா போகட்டும்" என்று சில வீடுகளில் அதை எடுத்துக்கொடுப்பார்கள். அது கதவு சாத்திக்கொள்கிற கேபின். மற்ற மூன்று பெர்த்திலும் யார் வருவார்கள் என்று நமக்குத் தெரியாது. தெரியாத மூன்று ஆண்களோடு கதவு சாத்திய அறையில் இருப்பதைவிட, எட்டுப் பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிற தேர்ட் ஏசி எனக்கு நிம்மதி.

தேர்ட் ஏசியிலும் ஸ்லீப்பரிலும் பெர்த் எண் எட்டெட்டாகப் போகும். 1, 4 லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். 8 சைடு அப்பர். அடுத்த எட்டிலும் இதே வரிசை. ஆக 43 என்று வந்தால், 40ஐக் கழித்தால் 3, அப்பர்.

தனியாகப் போகிற இளம்பெண்ணுக்கு என் ஓட்டு அப்பர் பெர்த்துக்குத்தான். பகலிலும் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று யாரும் வந்து உட்கார முடியாது. நடந்துபோகிறவர்களின் கையும் கண்ணும் படாது. ஏறுவதற்குக் காலை வைக்கும் படி சின்னதாக இருக்கும். புடவையில் கஷ்டம், சுடிதாரில் சுலபம். லோயரில் ஜன்னல் உண்டு, பெட்டி நம் காலடியிலேயே இருக்கும். ஆனால் ராத்திரி ஏதோ ஸ்டேஷனில் ஏறுகிறவர் கால்மாட்டில் உட்காரப் பார்ப்பார். சைடு லோயரில் படுத்தால் வழியில் போகிற வருகிற அத்தனை பேரும் இடித்துக்கொண்டு போவார்கள்.

டிக்கெட் எடுக்கும்போது

முன்பதிவு 60 நாள் முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். பொதுக் கோட்டாவில் வெயிட்டிங் லிஸ்ட் காட்டினால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி தளத்தில் 'லேடீஸ்' என்று ஒரு கோட்டா இருக்கிறது. நெடுந்தூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்லீப்பர் வகுப்பில் ஆறு பெர்த் இதில் ஒதுக்கியிருக்கிறார்கள். ராஜதானி, துரந்தோ, முழுக்க ஏசியாக ஓடும் எக்ஸ்பிரஸ் ரயில்கள் என்றால் தேர்ட் ஏசியில் ஆறு. வயது வரம்பு கிடையாது. தனியாகப் போகிற பெண்ணும் எடுக்கலாம், பெண்கள் மட்டுமே சேர்ந்து போகிற குழுவும் எடுக்கலாம். பொதுவில் நூறு வெயிட்டிங் இருக்கும்போது இதில் இரண்டு பெர்த் சும்மா கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, லோயர் பெர்த் கோட்டா. அதில் 'சீனியர் சிட்டிசன்' என்றும் சேர்த்துப் போட்டிருப்பதால் நமக்கில்லை என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆண்களுக்குத்தான் 60 வயது. பெண்களுக்கு 45 போதும். கர்ப்பிணிகளுக்கும் உண்டு. ஸ்லீப்பரில் ஒரு கோச்சுக்கு ஆறேழு, தேர்ட் ஏசியில் நாலைந்து, செகண்ட் ஏசியில் மூன்று நான்கு லோயர் பெர்த் இதற்காக வைத்திருக்கிறார்கள். எனக்கு 45 ஆன வருடம் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்தது இது ஒன்றுதான்.

கடைசி நேர முன்பதிவான தட்கல் என்றால் ரயில் கிளம்புவதற்கு முந்தைய நாள், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதாரோடு இணைத்த ஐஆர்சிடிசி கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் எடுக்க முடியும். இணைக்கிற வேலையை முன்பே முடித்துவையுங்கள். 9.58க்கு ஆரம்பித்தால் நடக்காது.

வெயிட்டிங் லிஸ்டை நம்பிக் கிளம்பாதீர்கள். ஆன்லைனில் எடுத்தது சார்ட் (யாருக்கு எந்த பெர்த் என்கிற பட்டியல்) போட்ட பிறகும் வெயிட்டிங்காகவே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். ஆர்.ஏ.சி. என்றால் ரயிலேறலாம், ஆனால் சைடு லோயரை இன்னொருவரோடு பாதிப் பாதியாகப் பங்கிட வேண்டும். அந்த இன்னொருவர் யாரென்று தெரியாது. 33 மணி நேரப் பயணத்துக்கு, அதுவும் முதல் தடவைக்கு, வேண்டாம்.

ஏஜென்ட் மூலம் எடுத்தாலும் உங்கள் கைபேசி எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். ரயில் தாமதம், ரத்து எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். முன்பெல்லாம் பெட்டிக் கதவுப் பக்கத்திலேயே சார்ட் ஒட்டியிருப்பார்கள். பெயர், 'எஃப்', வயது 23, பெர்த் எண் எல்லாம் அதில் இருக்கும். எந்த பெர்த்தில் எந்த வயதுப் பெண் படுத்திருக்கிறாள் என்று போகிற வருகிறவர்கள் விரல் வைத்துப் படித்துவிட்டுப் போவார்கள். இப்போது ஒட்டுவதில்லை. பெரிய நிம்மதி.

பை இரண்டு, அதற்கு மேல் வேண்டாம்

யாருடைய உதவியும் இல்லாமல் நீங்களே தூக்கிக்கொண்டு படியேற முடிகிற எடைதான் சரியான எடை. பெரிய பை லோயர் பெர்த்துக்கு அடியில் போகும். அங்கே கம்பி வளையம் இருக்கும். சங்கிலி போட்டுப் பூட்டிவிடுங்கள். நல்ல சங்கிலியும் பூட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஸ்டேஷனில் விற்கிற சங்கிலி பொம்மைக்குக் கட்டலாம்.

சின்னப் பை உடம்பைவிட்டு இறங்கக் கூடாது. பாத்ரூம் போனாலும் தோளில்தான். அடையாள அட்டை, போன், பவர் பேங்க், பணத்தில் பாதி இதில் இருக்கட்டும். மீதிப் பாதி பெரிய பையில் ஏதாவது பழந்துணிக்குள். ஒரு சின்ன டார்ச், நாலைந்து சேஃப்டி பின், பழைய செய்தித்தாள், பேப்பர் சோப். ஒரு விசிலும் வைத்திருக்கிறேன், இதுவரை ஊதியதில்லை. கழுத்துச் செயினை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்லீப்பரில் ரயில் மெதுவாகும்போது ஜன்னல் வழியாகக் கை நீளும்.

ஏசியில் படுக்கை விரிப்பு, தலையணை, கம்பளி கொடுப்பார்கள். ஸ்லீப்பரில் பொதுவாக நாமே கொண்டுபோக வேண்டும். எதில் போனாலும் ஒரு பருத்திச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்திக்கொள்ள, மறைப்பாகக் கட்டிக்கொள்ள, தலைக்கு வைத்துக்கொள்ள என்று பத்து வேலைக்கு ஆகும். காலுக்குச் செருப்பு. நடுராத்திரி அப்பரிலிருந்து இறங்கி ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

சாப்பாடு: முதல் ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. மத்தியானத்துக்குப் புளியோதரை, கோடையில் தயிர்சாதம் அதுவரை தாங்காது. அப்புறம் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். பான்ட்ரி சாப்பாட்டை நம்பிப் போகலாம், நாக்கைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. ஐஆர்சிடிசியின் இ-கேட்டரிங்கில் டிக்கெட்டில் இருக்கும் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து நாக்பூர், போபால் மாதிரிப் பெரிய ஸ்டேஷன்களில் சீட்டுக்கே வரவழைக்கலாம். பிளாட்பாரத்தில் இறங்கி ஓடவேண்டிய அவசியமே இல்லை.

அம்மாவிடம் பி.என்.ஆர். எண், கோச், பெர்த் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கூடவே, பல்லார்ஷா பக்கம் காட்டுப் பகுதியில் ரொம்ப நேரம் சிக்னல் கிடைக்காது என்பதையும் சொல்லிவையுங்கள். அதைச் சொல்லாமல் போன ஒரு பெண்ணின் அப்பா, மூன்று மணி நேரத்துக்குள் என் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுத்தார்.

ஏறியதும் முதல் அரை மணி நேரம்

ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கோச் நிற்கும் இடத்தைப் பலகையில் காட்டுவார்கள். ரயில் கிளம்புமுன் ரயில்வே பாதுகாப்புப் படையின் பெண் காவலர்கள் பெட்டிக்குள் வந்து, தனியாகப் போகிற பெண்களிடம் பேசி, சீட் எண்ணைக் குறித்துக்கொண்டு போவதுண்டு. 'மேரி சஹேலி', அதாவது 'என் தோழி' என்ற பெயரில் 2020இல் தொடங்கிய ஏற்பாடு. குறித்த விவரம் வழியில் இருக்கிற ஸ்டேஷன்களுக்குப் போகும். "இதெல்லாம் எதுக்கு?" என்று கூச்சப்படாமல் விவரத்தைக் கொடுங்கள். எல்லாரிடமும் வந்து கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. நடைமேடையில் அவர்களைப் பார்த்தால் நீங்களே போய்ச் சொல்லலாம்.

ஏறி உட்கார்ந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்த முதல் அரை மணி நேரம் ரொம்ப முக்கியம். சுற்றி இருக்கிற ஏழு பேரையும் பாருங்கள். யார் எங்கே இறங்குகிறார்கள், குடும்பமாக வந்திருப்பது யார், வயதான பெண்மணி யாராவது உண்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரிடமாவது நாலு வார்த்தை பேசிவையுங்கள்.

என் முதல் பயணத்தில் எதிர் பெர்த்தில் வாரங்கல் போகிற ஒரு தெலுங்குப் பாட்டி. அவருக்குத் தமிழ் வராது, எனக்குத் தெலுங்கு வராது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒற்றை விரலை நீட்டி, "ஒக்கதானிவேனா?" என்றார். தனியாகவா என்கிறார் என்று விரலைப் பார்த்துப் புரிந்துகொண்டு தலையாட்டினேன். அதற்கப்புறம் பேச்சே இல்லை. மடியிலிருந்த சம்படத்தைத் திறந்து வெற்றிலையைத் தொடையில் தேய்த்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டே வந்தார். விடிந்து வாரங்கல் நெருங்கியபோது எழுந்துபோய், சைடு லோயரில் குழந்தையோடு இருந்த ராணுவக்காரர் மனைவியை எழுப்பி, என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தோடு எழுந்துவந்து என் எதிரில் உட்கார்ந்தார். ரசீது இல்லாத பார்சல் மாதிரி என்னை ஒப்படைத்துவிட்டுப் பாட்டி இறங்கிப் போனார். ஜான்சியில் அந்தப் பெண் இறங்கும்போது, போபாலில் ஏறியிருந்த ஒரு டீச்சரிடம் நான் கைமாறினேன். டெல்லி வரை இப்படியே போய்ச் சேர்ந்தேன்.

எல்லாப் பயணத்திலும் பாட்டி கிடைக்க மாட்டார். சுற்றிலும் ஆண்களாகவே இருந்து மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால், டிக்கெட் பார்க்க வரும் டிடிஆரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "தனியா போறேன் சார், பெண்கள் இருக்கிற பக்கம் மாத்திக் கொடுங்க." காலி பெர்த் இருந்தால் மாற்றிக்கொடுப்பார், இல்லாவிட்டாலும் நீங்கள் தனியாக வருவது அவருக்குத் தெரிந்துவிடும். யாராவது உங்களிடம் பெர்த் மாற்றிக்கொள்ளக் கேட்டால், அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். குடும்பமாக உட்கார வேண்டும் என்று கெஞ்சியவருக்கு இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டு, பாத்ரூம் பக்கத்து சைடு லோயரில் விழித்தே கிடந்திருக்கிறேன்.

பகலில்

கேள்வி கேட்பார்கள். எந்த ஊர், எங்கே வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, தனியாகவா? நம் நாட்டு ரயிலில் இது சாதாரணம். முக்கால்வாசி வெறும் ஆர்வம்தான். பதில் சொல்லலாம், எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. "அண்ணன் ஸ்டேஷனுக்கு வர்றார்", "ஆபீஸ்காரங்க பக்கத்து கோச்ல இருக்காங்க" என்று சொல்வதில் பாவமில்லை. தங்கப்போகிற இடம், போன் நம்பர் இரண்டும் யாருக்கும் கிடையாது.

சாப்பிடக் கொடுத்தால்? குடும்பம் தன் டப்பாவிலிருந்து தான் சாப்பிட்டுக்கொண்டே கொடுப்பதை நான் வாங்கியிருக்கிறேன். நீங்கள் முதல் தடவை போகிறவர்கள், ஒன்றும் வாங்காதீர்கள். மயக்க மருந்து கலந்து கொடுத்து நகையைத் திருடுவது இன்னும் நடக்கிறது. மறுப்பது சங்கடமாக இருந்தால் "விரதம்" என்று சொல்லிவிடுங்கள். வடக்கே 'வ்ரத் ஹை' என்றால் அதற்கு மேல் ஒருவரும் வற்புறுத்த மாட்டார்கள். அப்புறம் அவர்கள் எதிரிலேயே சப்பாத்தியை எடுத்துத் தின்னாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

பாத்ரூம்

இதைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தண்ணீர் குடிக்காமல் 33 மணி நேரம் கிடந்து, டெல்லியில் இறங்கியதும் நீர்க்கடுப்போடு டாக்டரிடம் போன பெண்களை எனக்குத் தெரியும். தண்ணீர் குடியுங்கள். பாத்ரூம் போங்கள்.

காலை ஐந்து, ஐந்தரைக்கே எழுந்துபோனால் வரிசையும் இருக்காது, ஓரளவு சுத்தமாகவும் இருக்கும். உள்ளே போனதும் தாழ்ப்பாள் முழுசாக விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். சில பெட்டிகளில் பாதியில் நிற்கும், ரயில் ஆடினால் திறந்துகொள்ளும். துப்பட்டாவைச் சீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிடுங்கள். போன் பின்பாக்கெட்டில் இருக்கவே கூடாது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வருகிறதா என்று உட்காருவதற்கு முன்பே பார்ப்பது உத்தமம். மாதவிலக்கு நாட்கள் என்றால் அந்தப் பழைய செய்தித்தாள் இப்போது உதவும். நன்றாகச் சுற்றி, வெளியே வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கிற குப்பைத்தொட்டியில் போடுங்கள். உள்ளே போட்டால் பயோ டாய்லெட் அடைத்துக்கொண்டு மொத்தப் பெட்டிக்கும் தொல்லை.

ராத்திரி போகும்போது, அறிமுகமான பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். கதவுப் பக்கம் நாலைந்து ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தால் பெட்டியின் மறுமுனைப் பாத்ரூமுக்குப் போய்விடுவேன். எத்தனை அவசரமானாலும் அடுத்த கோச்சுக்குத் தாண்டுவதில்லை.

இரவில்

மிடில் பெர்த்தைப் போட்டுப் படுக்கிற நேரம் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் உங்கள் லோயர் பெர்த்தில் யாரும் உட்கார உரிமை இல்லை. "பையா, யே மேரீ பர்த் ஹை" (அண்ணா, இது என் பெர்த்) என்று குரலைத் தணிக்காமல் சொல்லுங்கள். இந்தி தெரியாவிட்டால் தமிழிலேயே சத்தமாகச் சொல்லுங்கள். தொனி எல்லா மொழிக்கும் புரியும்.

சின்னப் பை தலைக்குக் கீழே, அதன் வார் கையில் ஒரு சுற்று. போனைச் சார்ஜரில் மாட்டிவிட்டுத் தூங்காதீர்கள். அதற்குத்தான் பவர் பேங்க். ஸ்லீப்பரில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டுப் படுங்கள். இறங்க வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்னால் அலாரம். ரயில் எங்கே ஓடுகிறது என்று காட்டும் செயலி ஒன்றும் போனில் இருக்கட்டும்.

தொல்லை வந்தால்

முதல் வேலை, சத்தம். கை படுகிறதா, காலை நீட்டுகிறானா, தற்செயலோ என்று நமக்குள் விசாரணை நடத்திக்கொண்டிருக்க வேண்டாம். "காலை எடுங்க சார்" என்று எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு தடவை. தற்செயலாக இருந்தால் "ஸாரி" சொல்வார். வேண்டுமென்றே செய்பவனுக்கு எட்டுப் பேர் திரும்பிப் பார்ப்பதுதான் பிடிக்காது.

அடங்கவில்லை என்றால் டிடிஆர், பெட்டி உதவியாளர். அவர்களைக் காணோமா, 139ஐ அழையுங்கள். ரயில்வேயின் எல்லா உதவிக்கும் இந்த ஒரே எண்தான். முன்பு பாதுகாப்புக்குத் தனியாக இருந்த 182ஐ 2021இல் இதோடு இணைத்துவிட்டார்கள். கோச், பெர்த், பி.என்.ஆர். சொன்னால் அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். பேசினால் பக்கத்திலிருப்பவன் கேட்பான் என்றிருந்தால் 'ரயில் மதத்' செயலியில் எழுதி அனுப்பலாம். பொதுவான அவசர உதவி எண் 112ம் இருக்கிறது.

ஒரு தடவை நடுராத்திரி, குடித்திருந்த ஒருவன் என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தான். எழுந்திரு என்றேன், சிரித்தான். பெட்டி உதவியாளரைத் தேடினால் அவர் இடத்தில் ஆளே இல்லை. எதிர் பெர்த் அம்மாவை எழுப்பி உட்கார வைத்துக்கொண்டு 139க்குப் பேசினேன். இருபது நிமிடம் இருக்கும், அடுத்த ஸ்டேஷனில் இரண்டு காவலர்கள் ஏறி நேராக என் பெர்த் எண்ணுக்கே வந்தார்கள். அந்த இருபது நிமிடமும் அந்த அம்மா என் கையை விடவில்லை.

நிலைமை கைமீறிப் போனால் பெட்டியில் இருக்கும் அபாயச் சங்கிலியை இழுங்கள். காரணமில்லாமல் இழுத்தால்தான் குற்றம். புகார் கொடுப்பதற்காகப் பயணத்தை முறித்துக்கொண்டு நடுவழியில் இறங்க வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். படிவம் டிடிஆரிடமும் ரயிலின் கடைசிப் பெட்டியில் வரும் கார்டிடமும் உண்டு. ஓடும் ரயிலிலேயே எழுதிக் கொடுக்கலாம், அவர்கள் உரிய காவல் நிலையத்துக்குச் சேர்ப்பார்கள்.

சட்டத்தில் ஒன்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் கோளாறு, அபராதம் கட்டப் பணமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணை ராத்திரியில் ரயிலைவிட்டு இறக்கிவிட முடியாது. பகலில்தான், அதுவும் அவள் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன் இவற்றில் ஒன்றில்தான் இறக்கலாம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139ஆவது பிரிவு. உதவி எண்ணும் 139, பிரிவும் 139. ஒன்றை மனப்பாடம் செய்தால் இரண்டும் வந்துவிடும்.

டெல்லியில் இறங்கும்போது

ஆக்ரா தாண்டியதும் எழுந்து, முகம் கழுவி, பையைப் பூட்டுத் திறந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டாக இருந்தால் வெளியே போக அவசரப்படாதீர்கள். பெண்களுக்கான காத்திருப்பு அறையில் விடியும் வரை உட்காரலாம்.

புது டெல்லி ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல். ஒன்றாம் பிளாட்பாரத்துப் பக்கம் பஹாட்கஞ்ச், பதினாறாம் பிளாட்பாரத்துப் பக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோவுக்கு அஜ்மேரி கேட் பக்கம் போக வேண்டும். பஹாட்கஞ்ச் பக்கம் இறங்கினால், "உங்க ஹோட்டல் மூடிட்டாங்க", "அந்த ரோடு அடைச்சிருக்கு" என்று அக்கறையாகச் சொல்ல ஆள் வருவார்கள். நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். ஆட்டோ வேண்டுமானால் ப்ரீபெய்டு கவுன்டர். தானாக வந்து பையைத் தூக்குகிற ஆளோடு போகக் கூடாது.

என்னைக் கேட்டால் மெட்ரோதான். டெல்லி மெட்ரோவில் 2010இலிருந்து, ஓடுகிற திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். காலை நேரத்தில் அது நிரம்பி வழியும். நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்பு அடையாளம் போட்டிருப்பார்கள். பையை இறக்கி அங்கே வைத்துவிட்டு, அம்மாவுக்குப் போன் போடுங்கள்.